பிடிக்காம நிக்க முடியுதா?

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டியவர். கரும்பு வெட்டுக்குப் போகிறவர். இரண்டு மாதமாகப் போகவில்லை. ஓயாத இருமல், பொழுது சாய்ந்தால் காய்ச்சல், ஒருமுறை சளியோடு ரத்தம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று உறுதியாகிவிட்டது. மனைவி கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார்.

மாத்திரையைக் கையில் கொடுப்பதற்கு முன் செவிலியர் சில வேலைகளைச் செய்கிறார். எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டுகிறார். கடிகாரத்தைப் பார்த்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுகிறார். குனிந்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். கடைசியாக ஒரு கேள்வி.

“அண்ணே, அக்கா கையை விட்டுட்டு எந்திரிங்க. பிடிக்காம நிக்க முடியுதா?”

“ரெண்டு மாசமாச் சோறே இறங்கல சிஸ்டர்” என்கிறார் மனைவி.

அவர் எழுகிறார். முழங்கால் நடுங்குகிறது. கை தானாகவே சுவரைத் தேடிப் போகிறது.

சுவரைத் தேடிய அந்தக் கையை மருத்துவ ஆராய்ச்சி இன்று ஒரு தரவாக எடுத்துக்கொள்கிறது. அவரை வீட்டுக்கு அனுப்பலாமா, இன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் தரவு. இவ்வளவு எளிய கேள்வியை வந்தடைய மருத்துவம், சமூகவியல், பொறியியல், மென்பொருள் என நான்கு துறைகளுக்கும் எழுபது ஆண்டுக்கு நெருக்கமாகக் காலம் பிடித்தது. அந்தப் பாதையின் பெரும்பகுதி தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்தது.

களமருதூர் என்ற பெயரிலேயே ஒரு களம் இருக்கிறது. நெற்களத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே தடவையில் அரிசி கிடைத்துவிடாது. கதிரை அடிக்க வேண்டும், காற்றில் தூற்ற வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், சல்லடையில் சலிக்க வேண்டும். தூற்றும்போது போகிற குப்பை வேறு, புடைக்கும்போது போகிற குப்பை வேறு. கள ஆய்வு என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இப்படித்தான்.

*சேத்துப்பட்டில் ஒரு தூற்றல்*

1950களின் நடுவில் காசநோய்க்கு மருந்து கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஐசோனியாசிட் 1952இல் வந்தது, விலையும் மலிவு. ஆனாலும் சிகிச்சை என்றால் சானடோரியம் என்பதே உலகத்தின் நம்பிக்கை. காற்றோட்டமான கட்டடம், முழு ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை. படுக்கை கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதன் ஆய்வை வழிநடத்தினார். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னையின் நெரிசலான, ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப்பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறுபாதி வீட்டிலேயே இருந்து அதே மருந்தை விழுங்கினார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை மருத்துவரின் விருப்பமும் நோயாளியின் வசதியும் தீர்மானிக்கவில்லை. குலுக்கல்தான் காற்று, பதரைத் தள்ளுவது அதன் வேலை.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டு நோயாளிகள் குறைவாகச் சாப்பிட்டார்கள், நெரிசலான அறையில் படுத்தார்கள், முழு ஓய்வும் அவர்களுக்கு இல்லை. அப்படியிருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்ற வேண்டியதில் பெரும்பங்கு, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றியிருந்தது. 1959இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வரத் தொடங்கியது. பணக்கார நாடுகள் உட்பட எல்லோரும் பின்பற்றிய ஒரு மருத்துவப் பாடத்தைச் சென்னையின் ஏழை நோயாளிகள் எழுதிக் கொடுத்தார்கள். இதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

*விழுங்கினாரா, இல்லையா?*

வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பினால் அடுத்த கேள்வி தானாக எழும். விழுங்குகிறாரா?

காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. குடலில் வாழும் ஈ.கோலி கிருமி ஏறக்குறைய இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு இருபது மணி நேரம்வரை ஆகும். பெரும்பாலான மருந்துகள் கிருமி பெருகும் வேளையில்தான் நன்றாக அடிக்கும். சில கிருமிகள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் மருந்து. ஆனால் நோயாளிக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே காய்ச்சல் விட்டுவிடும், பசி எடுக்கும், வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிற அந்த நாளில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் இதை அன்றே உணர்ந்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறைக்கும் இதே மையத்தின் ஆய்வுகள் அடித்தளம் போட்டன. பின்னாளில் அது உலகத் திட்டமாகவே ஆனது.

அரை நூற்றாண்டு கழித்து இதே கேள்வியைப் பொறியாளர்கள் கையில் எடுத்தார்கள். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் இருந்த பில் தீஸும் அவருடைய குழுவினரும் ‘99டாட்ஸ்’ என்ற முறையை உருவாக்கினார்கள். மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் உறைக்குள் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு நோயாளி ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். காசு செலவில்லை, சாதாரண போனே போதும். யார், எந்த நாள் மருந்தை எடுத்தார் என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். மிஸ்டு கால் கொடுக்காத இந்தியர் யார்? நம் ஊர்ப் பழக்கத்தையே கருவியாக்கிய அழகான யோசனை இது.

அழகாக இருப்பதால் மட்டும் அதைச் சரி என்று ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பீனா தாமஸ் உள்ளிட்டோர் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போவது, சிறுநீரைச் சோதிப்பது. 1956இன் அதே வழி. ஐசோனியாசிட் உடம்பில் இருந்தால் சோதனைத் திரவம் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கணினி சொன்னதையும் சிறுநீர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மருந்தை ஒழுங்காக விழுங்கிய பலர் போன் செய்யவில்லை. அவர்களைக் கணினி ‘தவறியவர்’ பட்டியலில் சேர்த்திருந்தது.

ஏன் என்று கணினியைக் கேட்டால் பதில் வராது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வரும். போன் வீட்டுக்கு ஒன்று, அதுவும் மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். மலைக்கிராமத்தில் டவர் கிடைக்காது. நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். இவையெல்லாம் சமூகவியல் கேட்க வேண்டிய கேள்விகள். மென்பொருளின் பிழை மென்பொருளுக்குள் இருக்கவில்லை. அது வந்து சேர்ந்த வீட்டில் இருந்தது.

*சோறும் மருந்துதான்*

சேத்துப்பட்டு ஆய்வு கேட்ட கேள்வி ஒன்று: மருத்துவமனைப் படுக்கை அவசியமா? அதற்குக் கிடைத்த பதில் உறுதியானது. ஆனால் பதில்கள் காலப்போக்கில் தம் எல்லையைத் தாண்டி நடக்கத் தொடங்கிவிடும். குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் நோய் அடங்கியதே, அப்படியானால் மருந்து மட்டும் போதும், சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற எண்ணம் பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது.

அதை மறுபடியும் களத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் உடன் நின்றது. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகள். அவர்களோடு வாழ்ந்த 10,000க்கு மேற்பட்ட உறவினர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டாரை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. 2023 ஆகஸ்டில் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

தடுப்பூசிக்கு ஒப்பான பாதுகாப்பை அரிசியும் பருப்பும் தந்திருக்கின்றன. களமருதூர் அண்ணனின் மனைவி சொன்ன “சோறே இறங்கல” என்ற சொல்லை இனி எந்த மருத்துவரும் வெறும் புலம்பலாகக் கேட்க முடியாது. அது நோயின் ஓர் அளவு. மத்திய அரசின் நிக்ஷய் திட்டத்தில் காசநோயாளிக்கு 2018 முதல் வழங்கப்பட்டுவந்த மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

*ஐந்து அளவுகள்*

மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. பிறகும் ஏன் சாகிறார்கள்? 2023இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 12.5 லட்சம் பேரைக் காசநோய் கொன்றது. அந்த ஆண்டில் நோயுற்ற ஒரு கோடிக்கு மேற்பட்டோரில் நான்கில் ஒருவர் இந்தியர். சிகிச்சைக்கு வந்தவர்களின் இறப்புகளைக் கூர்ந்து பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நிகழ்கிறது. நோயைக் கண்டுபிடித்த அன்றே அவர்களில் பலர் மிகவும் மெலிந்து, மூச்சுத் திணறி, நிற்க முடியாத நிலையில் இருந்திருக்கிறார்கள். கையில் மாத்திரையைக் கொடுத்து மற்றவர்களைப் போலவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஹேமந்த் ஷெவாடே உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழியைத் தேடினார்கள். கர்நாடகத்தில் முன்னோட்டம் பார்த்த பிறகு, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதைச் சென்னை நீங்கலாக மாநிலம் முழுவதும் தொடங்கியது. பெயர், காசநோய் இறப்பில்லாத் திட்டம். நாட்டிலேயே முதல் முயற்சி.

எக்ஸ்ரே வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், மருத்துவர்கூட அருகில் இருக்க வேண்டியதில்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அளக்கக்கூடியதை மட்டும் அளக்க வேண்டும் என்பதே நிபந்தனை. உடல் நிறை குறியீடு, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்த ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்கும் வலு. இந்த ஐந்துதான்.

கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு. அது 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு இது 36 கிலோகூட இல்லை. இரண்டு காலும் வீங்கியிருந்தால் வரம்பு 16 ஆகிறது, அதாவது சுமார் 41 கிலோ. ஏன் இந்தச் சலுகை? வீக்கம் என்பது தேங்கிய நீர். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். அந்த நீரும் தராசில் ஏறி நின்று எடையைக் கூட்டிக் காட்டும். உள்ளே இருக்கும் மெலிவை மறைத்துவிடும். வரம்பைத் தளர்த்தியவர்கள் அந்த ஏமாற்றை அறிந்தவர்கள்.

நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு வாங்கினாலும், ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலும், பிடிக்காமல் நிற்க முடியாவிட்டாலும் அவருக்குத் தீவிர நோய் இருக்கலாம் என்று பொருள். மருத்துவரிடம் அனுப்பி, உறுதியானால் உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

விரலில் மாட்டும் கிளிப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி 1974இல் கண்ட வழி. சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும்; அந்த விகிதத்திலிருந்து கருவி கணக்குப் போடுகிறது. ஒளி தோலைக் கடந்துதானே போக வேண்டும்? 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது: கருவி நல்ல அளவைக் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்த நிகழ்வுகள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். வெயிலில் கரும்பு வெட்டிக் கறுத்த விரல் நம் ஊரில் ஏராளம். ஒரே கருவியை நம்பி ஓர் உயிரை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஐந்து அளவில் ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடித்துவிடும். கிளிப் ஏமாந்தாலும் நெஞ்சின் ஏற்ற இறக்கம் ஏமாறாது. சுவரைத் தேடும் கை ஏமாறாது.

*கணினி சொல்லும் எச்சரிக்கை*

இந்த அளவுகள் ‘டிபி சேவா’ என்ற செயலியில் ஏறுகின்றன. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழ்நாட்டின் அரசு மருத்துவ நிலையங்களில் கண்டறியப்பட்ட ஏறக்குறைய 56,000 நோயாளிகளின் தரவைக் கொண்டு தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஒரு கணிப்பு முறையை உருவாக்கியது. 2025இல் அது செயலியோடு இணைந்தது. அளவுகளைப் பதிந்ததும், இவர் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று திரை சொல்லிவிடும். தீவிர நோயாளிகளுக்கு அது 10 முதல் 50 சதவீதம். மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம்.

‘தீவிரம்’ என்ற சொல்லைப் படித்துப் படித்துக் கண் பழகிவிடும். ‘இருவரில் ஒருவர் பிழைக்கமாட்டார்’ என்று எண் சொல்லும்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடும் கை வேகமாகும். அந்த வேகம்தான் தேவை. நோய் கண்டதிலிருந்து படுக்கை கிடைக்கச் சராசரியாக ஒரு நாள்தான் ஆகிறது என்றாலும், கால்வாசிப் பேருக்கு ஆறு நாள் வரை ஆகிறது. சராசரி சொல்லாமல் விடுவது அந்தக் கால்வாசிப் பேரைத்தான்.

*மலைப்பாதையின் அந்தப் பக்கம்*

களமருதூர் அமைந்துள்ள கள்ளக்குறிச்சி, தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மூன்றே மாதத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. அதுவரை பெரிய சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் சேலம். களமருதூர்க்காரருக்கு இன்று தூரம் குறைந்திருக்கிறது.

இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் கணக்கு வேறு. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகப்போக ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி வாழ்கிறார்கள். வேலை தேடிப் பல மாதம் வெளியூர் போகிறார்கள். இந்த மலையின் சாலைகளையும் அடிப்படை வசதிகளையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நடந்து இறங்க முடியாதவரை யார் தூக்கி வருவது? அவர் பத்து நாள் படுக்கையில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? ஆட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்வது யார்? “ஆஸ்பத்திரியில் சேர மாட்டேன்” என்று ஒருவர் சொல்லும்போது, அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அறியாமை என்று அதற்குப் பெயர் வைப்பது நம்முடைய சோம்பல். அடுத்த தூற்றல் இங்கேதான் நடக்க வேண்டும், இந்த மக்களோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

மறுபடியும் களமருதூர் அண்ணனிடம் வருவோம். படுக்கை வேண்டாம், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இல் சேத்துப்பட்டு சொன்னது. இவருக்குப் படுக்கை இன்றே வேண்டும் என்று 2022இன் ஐந்து அளவுகள் சொல்கின்றன. எது சரி? இரண்டும் சரி. முன்னது பெரும்பாலோருக்கு என்ன தேவை என்று கேட்டது. பின்னது அந்தப் பெரும்பாலோரில் சேராதவர் யார் என்று கேட்டது. தூற்றியபோது விழுந்த நெல்லை அடுத்த தலைமுறை முறத்தில் எடுத்துப் புடைத்திருக்கிறது.

செவிலியர் எண்ணைப் பதிகிறார், போனை எடுக்கிறார். மனைவி மடியிலிருந்த பையை அவிழ்த்து ஆதார் அட்டையைத் தேடுகிறார். அண்ணன் மெதுவாக மறுபடியும் பெஞ்சில் உட்காருகிறார். வண்டி வரும்வரை அவர் எழுந்து நிற்கத் தேவையில்லை.